மொறிஸ் மைனர் ஹாண்ட் பிறேக்: கேபிள இறுக்க முதல் பாக்க வேண்டியதுகள்

யாழ்ப்பாணத்தில ஓடுற மொறிஸ் மைனருகள்ல கனக்கத்தில ஹாண்ட் பிறேக் பேருக்குத்தான் கிடக்கு. எங்கட ஊர் தட்டை, ஏத்தம் இறக்கம் எண்டு ஒண்டும் இல்லை, கார நிப்பாட்டினா முதலாம் கியரில விட்டிட்டு இறங்கிப் போறதுதான் பழக்கம். இழுக்காமலே விட்ட கேபிள் உப்புக் காத்தில கறள் பிடிச்சு, ட்றம்முக்குள்ள (சில்லோட சேந்து சுத்துற இரும்புக் கிண்ணம்) அசைய வேண்டிய சாமானெல்லாம் இறுகிப் போயிடும். பிறகு ஒரு கலியாண வீடு எண்டு கண்டி தாண்டி நுவரெலியாப் பக்கம் வெளிக்கிட்டா றம்பொடை ஏத்தத்தில பின்சீற்றில இருக்கிறவர் கல்லத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓட வேண்டி வரும்.

பிடிக்கேல்ல எண்டதும் எல்லாரும் முதல் செய்யிற வேலை லீவரடியில கிடக்கிற நட்ட இறுக்கிறது. அது கடைசியாச் செய்யிற வேலை. பிழை பெரும்பாலும் சில்லுக்குள்ள இருக்கும், நட்ட இறுக்கினா ரெண்டு கிழமைக்குப் பிடிக்கிற மாதிரித் தெரியும், பேந்து ட்றம் சூடேறத் தொடங்கும், ட்றம்மில உரசிப் பிடிக்கிற லைனர் தேயும், திரும்பவும் பழைய கதைதான். அதால கீழ சொல்லுற எல்லாத்திலயும் சில்லில இருந்து தொடங்கி லீவருக்கு வாறம்.

இது 1956க்குப் பிறகு வந்த மைனர் 1000க்கு. 948 சிசி எஞ்சினோ 1098 சிசி எஞ்சினோ பின்பக்கம் ஒரே 7 இஞ்சி ட்றம்தான், 1962ல 1098 வரேக்க முன் ட்றம்தான் 8 இஞ்சி ஆனது. பின் அச்சையே மாத்தி ஜப்பான் காரிட அச்சுப் போட்டு ஓடுற ஆக்களுக்கு இது சரிவராது. இன்னொண்டு, சண்டைக் காலத்தில மண்ணெண்ணையில ஓடின காருகளுக்கு அந்த நேரம் கிடைச்சத வச்சு ஒப்பேத்தித்தான் கனக்க வேலை நடந்தது. ட்றம்ம கழட்டிப் பாக்கேக்க உள்ளுக்க புத்தகத்தில இல்லாத ஸ்பிறிங்கோ பின்னோ கிடந்தா ஆச்சரியப்படாதேங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோ எண்டத மட்டும் பாருங்கோ.

எது எங்க கிடக்கு

லீவர் முன் சீற்று ரெண்டுக்கும் நடுவில. அதில இருந்து ரெண்டு கேபிள், ஒண்டு இடது பின்சில்லுக்கு, ஒண்டு வலது பின்சில்லுக்கு. ஒவ்வொண்டுக்கும் லீவரடியில தனித்தனி நட். சில்லுப் பக்கம் கேபிள் போய் பக் பிளேட்டுக்கு (ட்றம்ம உள்பக்கத்தால மூடுற, சுத்தாத தகடு) வெளியால நீட்டிக்கொண்டு நிக்கிற சின்ன லீவரில ஒரு பின் (ஊசி) போட்டுக் கொழுவி இருக்கும். அந்தச் சின்ன லீவர் சில்லுச் சிலிண்டருக்குள்ள (பிறேக் ஒயில் வந்து பிஸ்ரனத் தள்ளுற இடம்) போய், கால் பிறேக் தள்ளுற அதே சூவத்தான் (லைனர் ஒட்டின வளைஞ்ச தகடு) தள்ளுது. இவ்வளவும் தெரிஞ்சாக் காணும்.

தொடங்க முதல்

ஹாண்ட் பிறேக்க விட்டிட்டு, நியூற்றலில போட்டு, பின்பக்கத்த ஜக்கில தூக்கினா கார பிடிச்சு வச்சிருக்க ஒண்டுமே இல்லை. முன்சில்லு ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வையுங்கோ. தூக்கின பிறகு ஸ்ராண்ட் வச்சு அதில இறக்குங்கோ, ஸ்ராண்ட் இல்லாட்டி நல்ல தடிச்ச மரக்குத்தி. சீமெந்துக் கல் வைக்கவே வேண்டாம், பாரம் ஏறினா சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும்.

பழைய லைனர்ல கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருக்கும். ட்றம்முக்குள்ள கிடக்கிற தூச வாயால ஊதவோ கொம்பிறசர் காத்தால அடிக்கவோ கூடாது. தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, அந்தத் துணிய ஒரு பையில கட்டி எறியுங்கோ. ட்றம் கழட்டிக் கிடக்கேக்க ஒருத்தரும் கால் பிறேக்க மிதிக்கக் கூடாது, மிதிச்சா பிஸ்ரன் வெளியால வந்து பிறேக் ஒயில் எல்லாம் நிலத்தில.

இப்ப முதல் சோதினை. பின்சில்லு ரெண்டும் தூக்கி நிக்க, ஒராள் உள்ளுக்க இருந்து லீவர ஒவ்வொரு கிளிக்கா இழுக்கட்டும், நீங்கள் கையால சில்லச் சுத்திப் பாருங்கோ. நல்ல நிலையில இருக்கிற மைனரில மூண்டாவது கிளிக்கில ரெண்டு சில்லும் ஒரே அளவு பாரமா வரும், அஞ்சுக்குள்ள ரெண்டும் நிண்டிடும். லீவர விட்டா ரெண்டும் சும்மா சுத்தோணும். இதில எது நடக்கேல்ல எண்டத பாத்திட்டு கீழ உங்கட அறிகுறிக்குப் போங்கோ.

லீவர் மேல மட்டும் வருது, ரெண்டு சில்லும் பிடிக்கேல்ல

முதல் காரணம், செலவே இல்லாதது: சூ அட்ஜஸ்ட் பண்ணி கனகாலம். சில்லக் கழட்டிப்போட்டு ட்றம்மில இருக்கிற ஓட்டைய சுத்திக் கொண்டு வாங்கோ, உள்ளுக்க ஒரு வெட்டு வச்ச அட்ஜஸ்டர் தெரியும், பின்சில்லில பக்கத்துக்கு ஒண்டுதான். லீவர் முழுசா இறங்கி கேபிள் தளர்வா நிக்கோணும், இல்லாட்டி நீங்கள் பிடிக்கிற அளவு பொய். ஸ்குறூ ட்றைவரால மணிக்கூட்டு முள் சுத்துற பக்கம் ட்றம் இறுகும் மட்டும் திருப்பி, பிறகு ஒரு வெட்டுப் பின்னால விடுங்கோ. ட்றம் சுத்தோணும், லேசா உரசிற சத்தம் கேட்டாப் பிழையில்லை. கால் பிறேக்க ரெண்டு மூண்டு தரம் மிதிச்சு சூவ நடுவுக்குக் கொண்டு வந்திட்டு திரும்ப ஒருக்காப் பாருங்கோ. கனக்க நேரம் பிழை இதோடயே முடிஞ்சிடும், லீவர்ப் பக்கம் போகவே தேவையில்லை.

அட்ஜஸ்டர் கடைசி வெட்டு வரைக்கும் போயும் ட்றம் இறுகேல்ல எண்டா லைனர் முடிஞ்சுது. ட்றம்ம பிடிச்சிருக்கிறது ரெண்டு சின்ன ஸ்குறூ, வருசக்கணக்கில கழட்டாத காரில அது இலேசில வராது, தலை தேய முதல் நிப்பாட்டி சுத்தியலால அடிச்சுத் திருப்புற ட்றைவரப் போடுங்கோ. ட்றம்ம இழுக்க முதல் அட்ஜஸ்டரத் தளர்த்துங்கோ, விளிம்பில வரம்பு விழுந்திருந்தா சூ அதில தடக்கி நிக்கும். விளிம்பில நெம்பவும் வேண்டாம், வார்ப்பிரும்பு வெடிக்கும். றிவற் தலை தெரியிற மாதிரி லைனர் வந்திட்டுதெண்டா நாலு சூவும் ஒண்டாத்தான் மாத்த வேணும், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா அடுத்த தலைப்பில சொல்லுற வருத்தத்தக் காசு குடுத்து வாங்கின மாதிரி.

ட்றம்மில ஆழமா கோடு விழுந்திருந்தா லேத்துக்குக் குடுக்கலாம். ஏற்கனவே கனதரம் கடைஞ்ச ட்றம் எண்டா கடையிறவர் அளந்து பாத்திட்டுச் சொல்லுவார், அவர் வேண்டாம் எண்டாக் கேளுங்கோ, மெல்லிசான ட்றம் சூட்டில வெடிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் லீவர் மேல வருதெண்டா, இப்பத்தான் கேபிள். லீவர மூண்டாவது கிளிக்கில வச்சு, ரெண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ, சில்லக் கையால பலமாச் சுத்தினா மட்டும் சுத்தோணும், ரெண்டு பக்கமும் ஒரே பாரம். லீவர இறக்கினதும் ரெண்டும் விடுபடோணும். புரி முடியும் மட்டும் நட்ட இறுக்கியும் காணேல்ல எண்டா கேபிள் நீண்டிட்டுது, மாத்துறதுதான். நட்டுக்குக் கீழ பழைய குழாயில துண்டு வெட்டிப் போட்டு இழுத்து வச்சிருக்கிற காருகள் நல்லா ஓடித் திரியுது, ஆனா அப்பிடி இழுக்க வேண்டி வந்த கேபிளிட கம்பி உள்ளுக்க ஒவ்வொண்டா அறுந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு சில்லு மட்டும் பிடிக்குது

இதுதான் அதிகம் வாற பிழை, அதிகம் ஏமாத்திறதும் இதுதான். ரெண்டு கேபிளும் தனித்தனி எண்டதால ஒரு பக்கம் செத்தாலும் மற்றப் பக்கம் பிடிச்சு லீவர் இறுக்கமா நிக்கும், இருக்கிறவருக்கு எல்லாம் சரியெண்ட மாதிரி இருக்கும்.

முதல் கீழ படுத்துப் பாருங்கோ. பக் பிளேட்டுக்குப் பின்னால கேபிள் கொழுவின பின் இருக்கோ, தேஞ்சு ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போச்சோ, ஸ்பிளிற் பின் இருக்கோ. ஸ்பிளிற் பின்னுக்குப் பதிலா கட்டுக்கம்பி சுத்தி வச்சிருந்தா இப்பவே மாத்துங்கோ, ஒரு தேத்தண்ணிக் காசும் வராது.

அடுத்தது கேபிள் ஓடுதோ எண்டு பாக்கிறது. அந்தப் பின்னக் கழட்டிவிட்டு, உள்ளுக்க இருக்கிற ஆள லீவர இழுத்து விடச் சொல்லுங்கோ. கேபிள் நுனி போய்த் திரும்பி வரோணும். போகேல்ல எண்டா உறைக்குள்ள கறள். மெல்லிய ஒயில ஒரு இரவு ஊற விட்டு அசைச்சு எடுக்கலாம், கிரீஸ் நிப்பிள் இருக்கிற கேபிள் எண்டா கிரீஸ் அடிக்கலாம், ஆனா இப்பிடி எழுப்பின கேபிள் கன நாளைக்கு நிக்காது, மாரி முடியத் திரும்ப இறுகும். புதுக் கேபிள் கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடினா கிடைக்கும், இல்லாட்டி லண்டனில இருந்து வாற சொந்தக்காரரிட்டச் சொல்லி விடுங்கோ. அங்க மைனருக்குப் புது பாட்ஸ் இப்பவும் செய்யினம், கேபிள் பெட்டிக்குள்ள ஒரு மூலையில அடங்கிற சாமான்.

கேபிள் நல்லா ஓடுது, பின்னும் சரி எண்டா ட்றம்மக் கழட்டுங்கோ. உள்ளுக்க ஈரம் இருந்தா அது என்ன ஒயில் எண்டு கண்டுபிடிக்க வேணும், ஏனெண்டா ரெண்டுக்கும் வைத்தியம் வேற. துணியில தொட்டு ஒரு கோப்பை தண்ணிக்குள்ள விடுங்கோ. தண்ணியோட கலந்திட்டா பிறேக் ஒயில், சில்லுச் சிலிண்டர் கசியுது. சாரதியிட காலடியில தளத்து மூடியக் கழட்டி மாஸ்ரர் சிலிண்டரில (கால் பிறேக்க மிதிக்க எல்லாச் சில்லுக்கும் ஒயிலத் தள்ளுற சிலிண்டர்) ஒயில் இறங்கியிருக்கோ எண்டு பாத்தா அதுவும் சாட்சி சொல்லும். கலக்காம மேல மிதந்து, ஒரு கந்தக நாத்தமும் அடிச்சா அது அச்சுக்குள்ள இருந்து வாற கியர் ஒயில், ஹப் சீல் (சில்லு பூட்டுற ஹப்பில ஒயில மறிக்கிற வளையம்) பழுதாப் போச்சு, அல்லது ஆரோ டிபறன்சலுக்கு ஒயில் அளவுக்கு மிஞ்சி விட்டிருக்கினம். எந்த ஒயில் எண்டாலும் அதில ஊறின லைனர் சரிவராது. பெற்றோலில கழுவுறது, நெருப்பில வாட்டுறது எல்லாம் ஊரில செய்யிறதுதான், ட்றம் ஒருக்காச் சூடேறினதும் உள்ளுக்க ஊறினது திரும்ப மேல வரும்.

சிலிண்டர் றபர் மாத்தி, பிறேக் ஒயிலுக்குள்ள போன காத்த எடுக்கத் தெரிஞ்சா நீங்களே செய்யலாம். முந்திச் செய்யாத ஆள் எண்டா இந்த இடத்தில மெக்கானிக்கக் கூப்பிடுங்கோ, இது கால் பிறேக்கோட விளையாடுற வேலை. ஹப் சீலும் அப்பிடித்தான், அரை அச்ச இழுத்து, ஹப் கழட்ட சரியான சாமான் வேணும், உளியால தட்டிக் கழட்டின நட் கனக்கக் கண்டாச்சு.

ஈரமும் இல்லை, லைனரும் இருக்கு, கேபிளும் ஓடுது, ஆனாப் பிடிக்கேல்ல. அப்ப மிச்சம் இருக்கிறது சிலிண்டர் வழுக்காம இறுகினது, மைனரிட சொத்து இது. பின்சில்லுச் சிலிண்டர் பக் பிளேட்டில இறுக்கிப் பூட்டினதில்லை, ஒரு நீள வெட்டுக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் வழுக்கோணும். பிஸ்ரன் ஒரு சூவத் தள்ளேக்க சிலிண்டர் மற்றப் பக்கம் வழுக்கி அடுத்த சூவத் தள்ளும். வெட்டு கறள் பிடிச்சு இறுகினா ஒரு சூ மட்டும்தான் வேலை செய்யும். ஒரு சூ நல்லாத் தேஞ்சு மற்றது புதுசு மாதிரிக் கிடந்தா இதுதான் எண்டு கண்ண மூடிக்கொண்டு சொல்லலாம்.

பெருவிரலால சிலிண்டரத் தள்ளிப் பாருங்கோ, அசையோணும். அசையேல்ல எண்டா சூ ரெண்டையும் கழட்டி, பின்பக்கத்து றபர் உறைய எடுத்திட்டு, கறள் கரைக்கிற ஒயில் விட்டு மரத்துண்டு வச்சுத் தட்டி அசைக்கலாம். அசைஞ்சாலும் அதோட விட்டிடாதேங்கோ. முழுசாத் திருத்திறதெண்டா சிலிண்டர வெளியால எடுத்து, வெட்டிட ரெண்டு ஓரத்தையும் கம்பிப் பிறஷ்ஷாலயும் எமரித் தாளாலயும் வெள்ளையாத் தேச்சு, சூடு தாங்கிற பிறேக் கிரீஸ் மெல்லிசாப் பூசி, புது றபர் உறை போட வேணும். சாதாரண சில்லுக் கிரீஸ் வேண்டாம், உருகி லைனருக்கு வரும். அந்தச் சின்ன லீவர் சிலிண்டருக்குள்ள ஆடுற இடமும் இறுகியிருக்கும், அதையும் இதே கையோட பாருங்கோ. கிழிஞ்ச றபர் உறைதான் இவ்வளவுக்கும் வேர், அதுக்குள்ளால மாரித் தண்ணியும் சேறும் போகுது. மலிஞ்ச சாமான் எண்டு ஒருத்தரும் மாத்திறேல்ல.

எல்லாம் பூட்டின பிறகும் வழுக்கேல்ல எண்டா சிலிண்டருக்கு வாற பிறேக் குழாயப் பாருங்கோ. ஆரும் புதுக் குழாய் போடேக்க கட்டையா வெட்டி இழுத்துப் பூட்டியிருந்தா அது சிலிண்டர அசைய விடாது.

முன்னால பிடிக்குது, பின்னால உருளுது

ஏத்தத்தில மூக்க மேல வச்சு நிப்பாட்டினா கார் பின்னால வழுக்குது, ஆனா இறக்கத்தப் பாத்து நிப்பாட்டினா அசையாம நிக்குது. இது தனி வருத்தம் இல்லை, மேல சொன்ன இறுகின சிலிண்டரேதான், சில நேரம் ரெண்டு பக்கமும் சேர்ந்து. தட்டையான ஊரில இது தெரியவே தெரியாது, மலைநாட்டுக்குப் போகேக்கதான் தெரியும். சூ ரெண்டும் ஒரே அளவு தேஞ்சு, சிலிண்டரும் வழுக்கினா லைனருக்கும் ட்றம்முக்கும் பொருந்துற இடத்தப் பாருங்கோ, புதுசாப் போட்ட லைனர் நுனியில மட்டும் தொட்டாலும் இப்பிடி வரும், கொஞ்சம் ஓடத் தேயும்.

லீவர இறக்கியும் விடுகுதில்லை

மழை நாளில கன நாள் நிண்ட கார் எண்டா லைனர் ட்றம்மோட ஒட்டியிருக்கும். எஞ்சின ஸ்ராட் பண்ணி முதலாம் கியரிலயும் றிவேர்சிலயும் மெல்ல மெல்ல ஆட்டிப் பாருங்கோ, டக் எண்டு ஒரு சத்தத்தோட விடும். விடேல்ல எண்டா ட்றம்மிட சுத்துவட்டாரத்தில மரச்சுத்தியலால தட்டுங்கோ. கிளச்ச எரிச்சு இழுக்கிறது வேண்டாம், லைனர் சூவில இருந்து கழண்டு உள்ளுக்க சிக்கும். ஐப்பசி, கார்த்திகையில கார நிப்பாட்டி வைக்கிற ஆக்கள் ஹாண்ட் பிறேக் இழுக்காம கியரில விட்டு கட்டை வைக்கிறது நல்லம்.

ஓடேக்க பிடிக்குது, இறங்கி ட்றம்முக்குக் கிட்டக் கை கொண்டு போனா சுடுது எண்டா, தூக்கிப்போட்டு சில்லு இறுகி நிக்கேக்கயே கேபிள் பின்னக் கழட்டுங்கோ. உடன விட்டிட்டா பிழை கேபிளில, கறளா அல்லது ஆரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கினதா எண்டு பாருங்கோ. பின்னக் கழட்டியும் விடேல்ல எண்டா பிழை ட்றம்முக்குள்ள: சின்ன லீவர் இறுகினது, சிலிண்டர் இறுகினது, சூ இழுக்கிற ஸ்பிறிங் களைச்சது, இந்த வரிசையில.

கால் பிறேக்க மிதிச்ச பிறகு மட்டும் பிடிச்சு, கொஞ்சம் பொறுத்துத் தானா விடுதெண்டா பிழை ஹாண்ட் பிறேக்கில இல்லை. பின் அச்சுக்குப் போற றபர் ஹோஸ் உள்ளுக்க வீங்கி அடைச்சிருக்கும், மைனரில பின்பக்கத்துக்கு ஒரே ஒரு ஹோஸ்தான் எண்டதால ரெண்டு சில்லும் ஒண்டாப் பிடிக்கும். முன்சில்லும் சேந்து பிடிச்சா மாஸ்ரர் சிலிண்டர். ரெண்டும் கராச் வேலை, அது வரைக்கும் கார ஓட்டக் கூடாது.

லீவர் இழுத்த இடத்தில நிக்குதில்லை

லீவர் நுனியில இருக்கிற பித்தான அமத்தி விட்டுப் பாருங்கோ, ஊத்தையும் பழைய கிரீசும் அடைச்சு பித்தான் திரும்பி வராம நிண்டா கழுவி ஒயில் விடச் சரிவரும். உள்ளுக்க இருக்கிற ஸ்பிறிங் உடைஞ்சா அதுவும் சின்னச் சாமான்தான். லீவர இழுத்த இடத்தில பிடிச்சு வச்சிருக்கிற பல்லும் நாக்கும் தேஞ்சிருந்தா நாக்க அரத்தால கூராக்கலாம், ஆனா பல்லுத் தேஞ்சா மாத்தத்தான் வேணும். பல்லில வெல்டிங் வச்சு அரத்தால வெட்டிக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம், பிள்ளையள் ஏறி இருக்கிற காருக்கு நான் அதச் சொல்ல மாட்டன்.

லீவர் அடியோட ஆடுது

போல்ட் தளர்ந்ததெண்டா இறுக்குங்கோ, வேலை முடிஞ்சுது. போல்ட் இறுக்கமா இருக்க, இழுக்கேக்க தகரமும் சேந்து எழும்புதெண்டா கம்பளத்தத் தூக்கி ஸ்குறூ ட்றைவரால குத்திப் பாருங்கோ. மைனருக்கு சேசிஸ் தனியா இல்லை, தளம்தான் கார். அது உக்கியிருந்தா ஹாண்ட் பிறேக்க மறந்திட்டு நல்ல வெல்டரிட்டக் காட்டுங்கோ, லீவரடிய மட்டும் ஒட்டுப் போட்டா பக்கத்துத் தகரத்தால கிழிஞ்சு வரும்.

பூட்டி முடிச்ச பிறகு

ஏத்தம் இல்லாத ஊரில சோதிக்க லேசான வழி மணல் ஒழுங்கைதான். சனம் இல்லாத நேரம் நடக்கிற வேகத்தில போய், பித்தான அமத்திப் பிடிச்சுக்கொண்டே லீவர இழுங்கோ, நிண்டதும் உடன விட்டு இறங்கிப் பின்னால பாருங்கோ. ரெண்டு சில்லும் ஒரே நீளத்துக்கு மணல உழுதிருந்தா சரி. ஒரு பக்கம் கோடும் மற்றப் பக்கம் ரயர்ப் பூவும் தெரிஞ்சா, பூத் தெரியிற பக்கத்து ட்றம்மத் திரும்பக் கழட்ட வேண்டியதுதான், நட்டில கை வைக்காதேங்கோ.